பட்டன் இல்லாத பேஞ்சோ

சென்ற ஆண்டு ஆடி மாதம், காம்பாருக்கு அப்பால் ஒரு பழைய ரப்பர் தோட்டத்தில் நடந்தது இது. ரப்பர் என்பது பேருக்குத்தான். இப்போது அங்கே முழுக்க எண்ணெய் எடுக்கும் செம்பனை. பாதிக் குடும்பங்கள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்டன. ஆனால் கோயில் திருவிழா என்றால் எல்லோரும் வந்துவிடுவார்கள்.

நான் ஈப்போவில் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பாளர். மற்ற நேரமெல்லாம் ஏதாவது ஒரு பொழுதுபோக்கு. கேமரா வாங்கிப் பறவைகளைப் படம் பிடித்தேன். பறவை பறந்த பிறகு படத்தில் கிளை மட்டும் அழகாக விழும். இரண்டு நாள் விடுமுறை கிடைத்தால் பஸ் ஏறிப் பினாங்கு, மலாக்கா என்று ஊர் ஊராகப் போய்ச் சந்து சந்தாக நடப்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு குழுவோடு காட்டுப் பாதைகளில் நடப்பேன். கடைசியாக வந்து சேர்ந்தது பேஞ்சோ. வட்டமான தோல் முகம், நீளக் கழுத்து, ஐந்து கம்பி. இணையத்தில் ஒரு பெண் வாசிப்பதைப் பார்த்து மயங்கி வாங்கியது. எனக்கு அதில் மூன்று மெட்டு வரும். மூன்றும் ஒரே மெட்டு என்பது என் கணவரின் கருத்து.

திருவிழாவுக்கு முந்திய ஞாயிறு நடை முடிந்ததும் அந்தத் தோட்டத்துக் கோயிலுக்கு எதிரே இருந்த ஒட்டுக்கடையில் தேநீர் குடித்தோம். கடை நடத்தும் பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும். கழுத்தில் கேமராவும் காலில் சேறுமாக இருந்த என்னைப் பார்த்து, "வேற என்னென்ன செய்வீங்க அக்கா?" என்று கேட்டாள்.

"பேஞ்சோ வாசிப்பேன்," என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள். அவளுடைய கணவர்தான் கோயில் பஜனைக் குழுவில் பேஞ்சோ வாசிப்பவராம். மோட்டார் சைக்கிளில் இருந்து விழுந்து இடது கையில் மாவுக்கட்டு. வரும் சனிக்கிழமை திருவிழா பஜனை. பேஞ்சோ இல்லாவிட்டால் பஜனையே வேண்டாம் என்று குழுவில் பேச்சாம்.

"நீங்க வந்து வாசிங்க அக்கா. சுலபமான பாட்டுத்தான் லா."

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் என்னை வாசிக்கச் சொல்லி அதுவரை யாரும் கேட்டதில்லை. நிறுத்தச் சொல்லித்தான் கேட்டிருக்கிறார்கள். சரி என்று சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு, கணவரோடு போய் இறங்கினேன். கோயில் முன்னால் பாய் விரித்து, மைக் வைத்து, மிருதங்கமும் தாளமும் தயாராக இருந்தன. முன்வரிசை நாற்காலியில் மாவுக்கட்டுக்காரர். பின்னால் ஊரே உட்கார்ந்திருந்தது. நான் உறையைத் திறந்து பேஞ்சோவை வெளியே எடுத்தேன்.

பேச்சு மெல்ல அடங்கியது. கடைக்காரப் பெண் கிட்டே வந்து குனிந்து பார்த்தாள்.

"அக்கா, இது என்ன?"

"பேஞ்சோ."

"பட்டன் எங்க?"

எனக்குப் புரியவில்லை. ஒருவர் உள்ளே போய் அவர்களுடைய பேஞ்சோவைத் தூக்கி வந்து என் முன்னால் வைத்தார். நீளமான மரப்பெட்டி, மேலே கம்பிகள், பழைய தட்டச்சு இயந்திரத்தில் இருப்பதுபோல வட்ட வட்டமாகப் பட்டன்கள். இடது கையால் பட்டனை அமுக்கி, வலது கையால் கம்பியை மீட்ட வேண்டும். எத்தனையோ பஜனைகளில் அதைக் கேட்டிருக்கிறேன். அதற்கும் பேர் பேஞ்சோதான் என்பது மட்டும் எனக்குத் தெரியாது.

மாவுக்கட்டுக்காரர் என் வாத்தியத்தை நிதானமாகப் பார்த்தார். "பாதி உறுமி, பாதி கித்தார்," என்றார்.

என் கணவரைத் தேடினேன். அவர் கர்ச்சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டு தூணுக்குப் பின்னால் நின்றார். தோள் குலுங்கியது. எழுந்து ஓடிவிடலாமா என்று நினைத்தேன். ஆனால் அவர்களுக்கு வேறு ஆள் இல்லை. சரி, பட்டனை அமுக்கினால் சத்தம் வரத்தானே போகிறது என்று பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

பிள்ளையார் பாட்டு ஆரம்பமானது. பாடியவர் ஒரு பக்கம் போக, நான் ஒரு பக்கம் போனேன். ஒரு குழந்தை அழுதது. மிருதங்கக்காரர் கண்ணை மூடிக்கொண்டார், பக்தியினால் இல்லை. நான் விடாமல் அடுத்த பட்டனை அமுக்கப் போனபோது, பக்கத்தில் இருந்து ஒரு விரல் வந்து வேறு பட்டனை அமுக்கியது.

கடைக்காரப் பெண்தான். "அது இல்ல அக்கா, இது," என்றாள். அடுத்ததும் அவளே, அதற்கடுத்ததும் அவளே. நான் மெல்ல நகர்ந்து இடம் விட்டேன். மாவுக்கட்டுக்காரர் எழுந்து வந்து மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, நல்ல கையால் கம்பியை மீட்டத் தொடங்கினார். ஒரு பெட்டி, இரண்டு பேர், ஆளுக்கு ஒரு கை. பாட்டு ஒழுங்காக வந்தது. கூடவே மைக்கில் இதுவும் வந்தது.

"மெதுவா போ."

"நீங்கதான் ஓடுறீங்க."

ஊரே சிரித்தது. நான் என் பேஞ்சோவை மடியில் வைத்து, ஒரே கம்பியைச் சுருதிக்குத் தட்டிக்கொண்டு கடைசிப் பாட்டு வரை உட்கார்ந்திருந்தேன். அதை யாரும் குறை சொல்லவில்லை.

பஜனை முடிந்து பிரசாதமாகக் கஞ்சியும் வடையும் வாங்கும்போது மாவுக்கட்டுக்காரர் மனைவியிடம் கேட்டார். "நீ எப்ப கத்துக்கிட்ட?"

"நீங்க வேலைக்குப் போனா அது வீட்டுல சும்மாதானே கெடக்கு," என்றாள் அவள், கஞ்சிக் குவளையைப் பார்த்தபடி.

இத்தனை வருஷமாக அவருக்கே தெரியாதாம். அவர் தன் கிண்ணத்தில் இருந்த வடையை எடுத்து அவள் கிண்ணத்தில் வைத்தார்.

கிளம்பும்போது அவளைத் தனியாகக் கேட்டேன். "நீயே வாசிக்கிறேன்னு மொதல்லயே சொல்லிருக்கலாமே?"

"எப்படி அக்கா சொல்றது? நல்லா வருதா இல்லையான்னே தெரியாம, அத்தன பேரு முன்னாடி." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள். "நீங்க வாசிச்சதக் கேட்டதும்தான் தைரியம் வந்துச்சு லா."

காரில் இதைச் சொன்னபோது என் கணவர் ஓரமாக வண்டியை நிறுத்திச் சிரித்தார். நானும் சிரித்தேன். இப்போது மாவுக்கட்டுக்காரரின் கை சரியாகிவிட்டது. ஆனாலும் அந்த இருவரும் மாறி மாறி வாசிக்கிறார்கள், சண்டையும் போடுகிறார்கள். எனக்கு மூன்று மெட்டு இன்னும் நான்காகவில்லை. நன்றாக வந்த பிறகுதான் நாலு பேர் முன்னால் உட்கார வேண்டும் என்று நானும் நினைத்திருந்தால், அவள் இன்றும் கதவைச் சாத்திக்கொண்டுதான் வாசித்துக்கொண்டிருப்பாள் என்று நினைக்கும்போது, என் அரைகுறை வாசிப்பின் மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதையே வந்துவிடுகிறது.