நான் அணைத்த மஞ்சள் விளக்கு

அந்த வெள்ளிக்கிழமை காலையில் நான் செய்தது ஒரு பொத்தானை அழுத்தியதுதான். மூன்று மாதமாகிவிட்டது. இன்னும் வாசலில் கார் கிளம்பும் சத்தம் கேட்டால், செய்துகொண்டிருக்கும் வேலை என் கையில் நின்றுவிடுகிறது.

கார் என்னுடையது. ஜப்பானில் சில வருடங்கள் ஓடிவிட்டுக் கப்பலேறி வந்த சின்னக் கார். கல்முனையில் நான் கணிதம் படிப்பிக்கும் பாடசாலைக்கு அதில்தான் போய்வருகிறேன். கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். வீட்டில் நான், மகள், மருமகன், அப்போது ஐந்து மாதமாகியிருந்த பேரன். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து இருப்பார். ஒரே கூரைக்குள் இருந்தாலும் மாமியும் மருமகனும் நேரே கதைப்பதில்லை. அவர் சாப்பிட வந்தால் நான் முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விடுவேன். சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்வேன், அவள் அவரிடம் சொல்வாள். இரண்டு வருடம் அப்படித்தான் போனது. அதில் யாருக்கும் ஒரு குறையும் தோன்றவில்லை.

அன்று அவர்கள் பிள்ளையை முதல் தடவையாகப் பொத்துவிலுக்கு, மருமகனின் தாய் வீட்டுக்குக் கொண்டுபோக இருந்தார்கள். அந்தப் பயணம் இரண்டு தடவை தள்ளிப்போயிருந்தது. ஒரு தடவை பிள்ளைக்குக் காய்ச்சல், மற்றத் தடவை எனக்குப் பரீட்சைக் கடமை. பெண் வீட்டார் சாட்டுச் சொல்கிறார்கள் என்று அங்கே எழுந்த கதை என் காதுக்கும் வந்திருந்தது. ஜும்ஆவுக்கு முன்னால் போய்ச் சேர்ந்து வாப்பாவோடு தொழ வேண்டும் என்பது மருமகனின் ஆசை.

பாடசாலை விடுமுறை என்பதால் அந்த வாரம் நான் காரை எடுக்கவில்லை. வியாழன் மாலை பயணத்துக்காக அதைத் திருப்பி வைக்கும்போது, குதிரை லாடம் போன்ற மஞ்சள் விளக்கு முன்னால் எரிந்துகொண்டிருந்தது. டயரில் காற்றுக் குறைந்தால் சக்கரத்துக்குள் இருக்கும் சென்சர் சொல்லும் செய்தி அது. இறங்கி நான்கு டயரையும் காலால் உதைத்துப் பார்த்தேன். நான்கும் ஒன்றுபோலத்தான் இருந்தன. டயர் கடை பூட்டியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடியும்வரை அது திறக்காது. இந்த விளக்கு எரிந்தால் பயணம் மூன்றாவது தடவையும் நிற்கும். எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிந்தது.

சுபஹு தொழுதுவிட்டு, போனில் ஒரு வீடியோவைப் போட்டுக்கொண்டு காருக்குள் ஏறினேன். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் பொத்தானை அதில் காட்டினார்கள். நானும் தேடிப்பிடித்து அழுத்தினேன். விளக்கு மூன்று தடவை மின்னி அணைந்தது. வீடியோவையும் அத்தோடு நிறுத்திவிட்டேன்.

“உம்மா, கார்ல ஒரு லைட் எரிஞ்சிச்சே?” என்று மகள் கேட்டாள்.

“அது போயிட்டு. நான் சரி பண்ணிட்டன்.”

அவள் அறைக்குள் திரும்பிச் சொன்னாள். “மாமி பாத்தா சரிதான்” என்று மருமகனின் குரல் கேட்டது. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஒன்பது மணிக்குப் போனார்கள். முக்கால் மணி நேரம் கழித்து, சக ஆசிரியை ஒருவருக்கு அனுப்பலாம் என்று அந்த வீடியோவை மீண்டும் திறந்தேன். இந்த முறை முழுவதும் ஓடவிட்டேன். பொத்தானைக் காட்டி முடித்த பிறகு அந்த மனிதர் சொன்னார்: முதலில் நான்கு டயருக்கும் காற்றை அளந்து நிரப்ப வேண்டும், பிறகுதான் இதை அழுத்த வேண்டும். நிரப்பாமல் அழுத்தினால் இருக்கிற குறைந்த காற்றையே சரியான அளவு என்று கார் எடுத்துக்கொள்ளும், உடனே எச்சரிக்காது.

மகளுக்கு அழைத்தேன். வீட்டுக்குள்ளேயே மணி அடித்தது. பிள்ளையின் ஏணைத் துணிக்குள் கிடந்தது அவளுடைய போன்.

மருமகனின் இலக்கம் என்னிடம் இருந்தது. ஒரு நாளும் அழைத்ததில்லை. எங்கள் வீடுகளில் மாமியின் போனிலிருந்து மருமகனுக்கு அழைப்புப் போனால் அது மௌத்துச் செய்தியாக, யாரோ இறந்துபோன செய்தியாகத்தான் இருக்கும். இந்நேரம் தம்பிலுவில், திருக்கோவில் தாண்டியிருப்பார்கள். அதற்கப்பால் இரண்டு பக்கமும் பற்றைக்காடு, நேரான ரோடு, எல்லாரும் வேகமாக ஓடும் இடம். என் பெயரைக் கண்டு பதறி அவர் பிரேக்கை மிதித்தால்? அழைக்காமல் விட்டால்? இரண்டையும் மாறி மாறி யோசித்துக்கொண்டு நின்ற நேரத்தில் அவர்கள் இன்னும் எவ்வளவு தூரம் ஓடியிருப்பார்கள் என்று இப்போதும் மனம் கணக்குப் போடுகிறது.

முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாவது தடவை எடுத்தார்.

“மாமி? யாருக்கு என்ன?”

“ஒருத்தருக்கும் ஒண்டுமில்ல மகன். கட்டாரிலயும் சுகம். மெதுமெதுவா ஓரத்துக்கு எடுத்து நிப்பாட்டுங்க. சடாரெண்டு பிரேக் அடிக்க வேணாம்.”

“ஏன் மாமி?”

“நிப்பாட்டுங்க, பொறகு சொல்றன்.”

சிக்னல் விளக்கின் டிக் டிக் சத்தம் கேட்டது. அது நின்ற பிறகு சொன்னேன். “டயருக்குக் காத்து இரிக்கா எண்டு நான் அளந்து பாக்கல்ல. லைட்ட மட்டும்தான் அணைச்சன்.”

கதவு திறந்தது. ஏதோ பெரிய வாகனம் மிகக் கிட்டவாகக் கடந்துபோனது. பிள்ளை அழத் தொடங்கினான்.

“பின் டயர் மாமி. சப்பையாப் போயிட்டு. கை வைக்க ஏலா, அடுப்பு மாதிரி சுடுது.”

“புள்ளய இறக்குங்க. ரோட்டுல நிக்க வேணாம், தள்ளிப் போகச் சொல்லுங்க.” அவருக்கு நான் நேரே கட்டளை இட்ட முதல் நாள் அது.

மகள் போனை வாங்கினாள். “கணக்கு டீச்சருக்குக் கணக்குப் பிழைச்சிட்டு போல. காலால உதைச்சுத்தானே பாத்தீங்க?”

“ஓம்.”

“நல்ல காலம், கடிச்சுப் பாக்கல்ல.” சிரிக்கத்தான் பார்த்தாள். பாதியில் குரல் உடைந்து, “உம்மா, நாங்க எம்பதுல வந்தம்” என்றாள்.

பின்னாலிருந்து மருமகன் சொன்னது கேட்டது: “அவங்கள ஏசாத. புதன்கிழமை கடைக்குப் போகக்குள்ளயே நான் அந்த லைட்டக் கண்டன். மாமிட கார், எப்பிடிக் கேக்கிற எண்டு இருந்திட்டன்.”

மேலதிகச் சக்கரத்தைப் பூட்டி, மெல்ல ஓடி, ஜும்ஆவின் குத்பா உரைக்குச் சற்று முன்னால் போய்ச் சேர்ந்தார்கள். சேர்ந்த செய்தியை அவரே அழைத்துச் சொன்னார். அதுவரை நான் தொழுகைப் பாயை விட்டு எழும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் திரும்பி வந்தார்கள். மகள் பிள்ளையோடு உள்ளே போனதும், மருமகன் காரின் பின்னாலிருந்து அந்த டயரை இறக்கி, என்னைக் கண்டதும் மதில் பக்கம் திருப்பி வைக்கப் பார்த்தார்.

“காட்டுங்க மகன்.”

திருப்பினார். மிதிக்கும் பக்கத்தில் ஒரு ஆணி. அது சின்னது. ஆனால் டயரின் பக்கச் சுவர் சுற்றிவர ஒரு வளையமாகத் தேய்ந்து, உள்ளே இருக்கும் நூல் தெரிந்தது. தொட்டேன். கறுப்புத் தூள் விரலில் உதிர்ந்தது.

“எந்தப் பக்கத்து டயர் இது?”

“இடப்பக்கம்.”

“புள்ள எந்தப் பக்கம் இரிந்த?”

டயரைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கையைத் துடைத்தார்.

“அந்தப் பக்கம்தான் மாமி” என்றார். பிறகு, நான் அசையாமல் நிற்பதைப் பார்த்துவிட்டு, “தேத்தண்ணி ஊத்துங்க, குடிப்பம்” என்றார்.