மேடையில் தம்பி மட்டும்

எங்கள் வீட்டு ஹாலில் சுவர் கொள்ளாமல் போட்டோக்கள் தொங்குகின்றன. ஒன்றிலும் ஓர் ஆள் தனியாக இல்லை. தம்பிக்கு மொட்டையடித்த அன்று எடுத்த படத்தில் மொட்டை எங்கே என்று தேட வேண்டும். அவன் பட்டம் வாங்கிய படத்தில் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு சிரிப்பவர் எங்கள் மாமா. தனியாக இருப்பவர்கள் இரண்டே பேர்: தாத்தா, பெரியப்பா. இருவருக்கும் மாலையும் சின்ன சிவப்பு பல்பும் உண்டு. எங்கள் வீட்டில் தனியாகப் படம் பிடித்துக்கொள்ள ஆசைப்பட்டால் ஒன்று ஆதார் எடுக்கப் போக வேண்டும், இல்லையென்றால் செத்துப்போக வேண்டும்.

இதற்கு மேல் அம்மாவின் சட்டம் ஒன்று. மூன்று பேராக நின்று போட்டோ எடுத்துக்கொள்ளக் கூடாது, மூவரில் ஒருவருக்கு ஆகாது. அதனால் மூன்று பேர் நின்றால் நாலாவதாக யாரையாவது இழுத்து வந்து நிறுத்திவிடுவாள். என் காதுகுத்துப் படத்தில் பால்காரர் கேனோடு நிற்பது அந்த வகையில்தான்.

தம்பி கிட்டார் வாசிக்கிறவன். சினிமாப் பாட்டு இல்லை, ராக். வீட்டில் அதற்குப் பெயர் ‘அந்தச் சத்தம்’. பகலில் திண்டிவனத்தில் ஒரு கடையில் செல்போன் பழுதுபார்ப்பான். சாயங்காலம் நண்பர்களோடு, மூடிக் கிடந்த ஒரு மாவு மில்லில் வாசிப்பான். மில் ஓடிய காலத்தில் ஊர் இதைவிட அமைதியாக இருந்தது என்று அப்பா போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

திண்டிவனத்துக்கு வெளியே, நெடுஞ்சாலையை ஒட்டி, பிளாட் போட்டு விற்காமல் கிடந்த ஒரு பெரிய நிலத்தில் ராக் கச்சேரி என்று போன வருடம் அறிவித்தார்கள். நிலம் வாங்க ஆள் வரவில்லை, பாட்டுக் கேட்கவாவது வரட்டும் என்று நினைத்திருப்பார்கள். சென்னையிலிருந்து பெரிய குழு ஒன்று வருவதாகவும், அதற்கு முன்னால் உள்ளூர்க் குழு என்று இவர்கள் வாசிப்பதாகவும் ஏற்பாடு. தம்பிக்கு அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை.

நான் விழுப்புரத்தில் ஒரு மருந்து மொத்தக் கடையில் வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிக்கரைகளில் பறவைகளைப் படம் எடுப்பேன். சொந்தமாக நல்ல கேமராவும் நீள லென்ஸும் வைத்திருக்கிறேன். கல்யாணம் ஆகாத பெண் கொக்குக்குப் பின்னால் சுற்றுகிறாள் என்று மாமா ஊரான வளவனூர் வரைக்கும் பேர். அந்தக் கேமராவை நம்பித்தான் தம்பி வந்து கேட்டான்.

“அக்கா, கொக்கு நாரைன்னு எடுத்துக்கினு இருக்கியே, எனக்கு ஒரே ஒரு போட்டோ எடுத்துக் குடுக்கா. என்னை மட்டும். பக்கத்துல ஒருத்தரும் நிக்கக் கூடாது. பின்னாடி ஜனம் தெரியணும். நம்ம ஹால்ல மாட்டணும்.”

“நீ இன்னும் உயிரோட இருக்கியேடா.”

“அதனாலதாங்க்கா கேக்கறேன்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்கு ஏனோ சிரிப்பு வரவில்லை. இந்த ஒன்றையாவது ஒழுங்காக எடுத்துக் கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

கச்சேரி அன்று வாசலிலேயே மறித்தார்கள். லென்ஸ் கழற்றும் கேமராவுக்கு உள்ளே அனுமதி இல்லை என்று பலகை வைத்திருந்தார்கள். காவலுக்கு நின்றவர் என் பையைத் திறந்து, வெடிகுண்டைப் பார்ப்பது போல் லென்ஸைப் பார்த்தார்.

“மேடம், இது புரொபஷனல் கேமரா. உள்ள உட மாட்டாங்க.”

“நான் மருந்துக் கடையில வேலை பாக்கறேங்க. இது சொந்தக் கேமரா.”

“நீங்க இன்னா வேலை வேணா பாருங்க மேடம். கேமரா புரொபஷனலா இருக்குதே.”

என்னைத் தாண்டி ஆயிரக்கணக்கான செல்போன்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் மூன்று கண்கள். அவற்றால் கச்சேரி முழுவதையும் பிடித்து, பாட்டு முடிவதற்குள் உலகத்துக்கே காட்டிவிடலாம். அதெல்லாம் பரவாயில்லை. கொக்கு எடுக்கிற கேமராவால்தான் கலைக்கு ஆபத்து.

அந்த நேரத்தில் மாமா வந்து சேர்ந்தார். அம்மாவின் அண்ணன், வளவனூர்க்காரர், கரும்பு போடுகிறவர். கரை வேட்டி, கையில் துணிக்கடைப் பை. பின்னாலேயே பட்டுப்புடவையில் அம்மா, சலவைச் சட்டையில் அப்பா. ராக் கச்சேரிக்குப் பட்டுப்புடவை கட்டி வந்தது அந்த மைதானத்தில் அம்மா ஒருத்திதான். மாமா காவலரின் தோளில் கை போட்டார்.

“தம்பிக்கு எந்த ஊரு?”

“மயிலம் பக்கங்க.”

“நான் வளவனூரு. மேடையில வாசிக்கப் போறான் பாரு, நம்ம தங்கச்சி பையன். நாங்கல்லாம் பையன் வூட்டு ஆளுங்க. இது பையன் வூட்டு கேமரா.”

“வளவனூரா? எங்க மச்சான் அங்கதாங்க பொண்ணு எடுத்துருக்கான். மொதல்லயே சொல்லக் கூடாதா மேடம்?”

பலகை அங்கேயே நிற்க, நாங்கள் நால்வரும் உள்ளே போனோம். பையன் வீட்டார் என்பதால் மேடையின் பக்கவாட்டுப் படி வரைக்கும் வழி விட்டார்கள். எனக்கு அது கொண்டாட்டமாகத்தான் இருந்தது. நான் மாமாவின் கையிலிருந்த பையைப் பற்றி யோசித்திருக்க வேண்டும்.

மூன்றாவது பாட்டில் டிரம்ஸ் தவிர மற்றவர்கள் தணிந்துவிட, தம்பி மட்டும் தனியாக வாசித்தான். நான் மேடைக்குப் பின்னாலிருந்த மண்மேட்டுச் சரிவில் ஏறி உட்கார்ந்திருந்தேன். வீட்டில் எதற்கெடுத்தாலும் தலையை ஆட்டிக்கொண்டு போகிற பையனா இவன் என்று இருந்தது. ஒரு திருப்பத்தில் ஜனத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி, என் பக்கம் முகத்தை உயர்த்தினான். கண்கள் மூடியிருந்தன. இடது கைவிரல்கள் கம்பிகளை அழுத்தியிருந்தன. அவனுக்குப் பின்னால், ஊன்றியிருந்த பிளாட் கற்களையெல்லாம் மறைத்துக்கொண்டு, சாலை வரைக்கும் தலைகள். நான் எடுத்துவிட்டேன். எடுத்த உடனே தெரிந்தது, இதுதான் அது.

அடுத்த நொடி மாமா மேடையேறினார்.

கறுப்புச் சட்டை போட்ட ஒருவர் தடுக்கப் போனார். “ஒரே நிமிஷம் தம்பி, ஜல்தியா முடிச்சுட்றேன்” என்று அவரை ஒதுக்கிவிட்டு, பையிலிருந்து பொன்னாடையை எடுத்துத் தம்பியின் மேல் போர்த்தினார். அது கம்பிகளின் மேலும் விழுந்தது. பாட்டு கொய்ங் என்று நின்றது. மாமா அவன் தோளை அணைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, கல்யாண மேடையில் நிற்பது போல் நின்றார். நான் எடுக்கும்வரை அசையப் போவதில்லை என்று தெரிந்தது.

கீழேயிருந்த அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. தாய்மாமன் நிற்கிறான், பெற்றவன் நிற்கவில்லையே என்று அப்பாவை மேலே தள்ளினாள். இப்போது மூன்று பேர். மூன்று பேர் நிற்கலாமா? பதறிப்போய்த் தானும் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினாள். டிரம்ஸ் வாசித்த பையனுக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை, அவன் பாட்டுக்கு வெளுத்துக்கொண்டிருந்தான். கூட்டம் விசிலடித்தது. எல்லாச் செல்போன்களும் உயர்ந்தன.

“எடும்மா, இன்னா பாத்துக்கினு நிக்கற!” என்று மாமா கத்தினார்.

நான் கேமராவை இறக்கிவிட்டேன். எடுக்கவில்லை. தம்பி பொன்னாடைக்குள்ளிருந்து என்னைப் பார்த்தான். எடுத்தாயிற்று என்று கட்டைவிரலைக் காட்டினேன். அவன் சிரித்தான். அன்று இரவே அந்தப் பொன்னாடை வீடியோ ஊரெல்லாம் ஓடியது. அவன் வேலை பார்த்த கடைக்கு வந்தவர்கள்கூட, “சால்வை பார்ட்டி நீங்கதானா?” என்று கேட்டார்கள். அவன் அதற்கெல்லாம் கவலைப்படவில்லை. என் படத்தைச் செல்போனில் எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அம்மா என்னோடு பேசவில்லை. “அத்தினி பேரு முன்னால மேடை ஏறி நின்னோம். பெத்த பொண்ணு, ஒரு போட்டோ புடிக்க மனசு வரல” என்று சுவரிடம் சொல்வாள்.

படத்தைப் பெரிதாகப் போட்டுச் சட்டம் அடிக்கச் சொல்லித் திண்டிவனத்தில் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்தேன். எனக்கு விழுப்புரத்தில் வேலை, தம்பிக்கு முன்கூட்டித் தெரியக் கூடாது, அதனால் வாங்கிவர அம்மாவை அனுப்பினேன். கல்யாணத்துக்கு வராதவர்களையும், ஏன், உயிரோடு இல்லாதவர்களையும்கூட ஆல்பத்தில் சேர்த்துக் கொடுக்கிற ஸ்டுடியோ அது. தெரிந்தும் அனுப்பினேன்.

அந்த ஞாயிறு ஹாலில் எல்லோரும் கூடியிருக்க, மாமா படத்தின் காகிதத்தைப் பிரித்தார். நடுவில் தம்பி, அவனை ஒட்டி மாமா. இடப்பக்கம் பட்டுப்புடவையில் அம்மா. வலப்பக்கம் என் சித்தப்பா மகள் கல்யாணத்தில் நின்ற அதே நிலையில் அப்பா, கையில் தாம்பூலப் பை. ஓரத்தில் நான்கூட இருந்தேன், கேமரா இல்லாமல். மூடியிருந்த தம்பியின் கண்களை அவன் வாக்காளர் அட்டைப் படத்திலிருந்து எடுத்துத் திறந்துவிட்டிருந்தார்கள். பின்னால் அத்தனை ஜனமும் அப்படியே இருந்தது.

தம்பி கிட்டப் போய்ப் பார்த்தான். “கிட்டாரு எங்கம்மா?”

“அது மாமாவை மறைக்குதுன்னு கடைக்காரன் எடுத்துட்டான்டா.”

கம்பிகளை அழுத்திய விரல்கள் அப்படியேதான் இருந்தன. கிட்டாரின் தண்டு இருந்த இடத்தில் மாமாவின் பிடரி இருந்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. “நான் கடையில குடுத்தது இந்தப் படம் இல்ல, யாரைக் கேட்டு மாத்துன?” என்று கத்தினேன். அம்மா தாத்தா படத்தையும் பெரியப்பா படத்தையும் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள்.

“என் புள்ளையத் தனியா அந்தச் சுவத்துல மாட்டச் சொல்றியா? என்னால முடியாதுடி.”

தம்பி நாற்காலி போட்டு ஏறி, அவனே ஆணி அடித்து, படத்தை மாட்டினான். கோணலாக இருக்கிறது என்று மாமா சொன்னதும் நேராக்கினான்.

மூன்று மாதம் கழித்துப் புதுச்சேரி பக்கம் இன்னொரு பெரிய கச்சேரி. வீட்டில் யாரிடமும் அவன் சொல்லவில்லை. என்னிடமும் சொல்லவில்லை. யாரோ செல்போனில் எடுத்துப் போட்ட வீடியோவைப் பஸ்ஸில் போகும்போது பார்த்தேன். படம் ஆடிக்கொண்டே இருந்தது, முகம்கூடத் தெளிவில்லை. நன்றாகத்தான் வாசித்தான். தனியாகத்தான் நின்றான்.