சத்தம் ஏனுங்க கொறஞ்சுது?

விமானப் பணிப்பெண் வேலையில் தட்டைத் தூக்குவதும் சிரிப்பதும் ஒரு வாரத்தில் பழகிவிடும். பயந்துபோனவர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் லேசில் பழகாது. விமானம் கிளம்பியதும் இருக்கையின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறவரா நீங்கள்? கிட்ட வாருங்கள். தொண்ணூறுகளில் கோயமுத்தூரிலிருந்து பறந்துகொண்டிருந்த நானும் உங்கள் கட்சிதான்.

பம்ப்செட்காரர்

வேலையில் சேர்ந்த புதிது. முன்வரிசையில், எனக்கு நேர் எதிரே, துடியலூரில் பம்ப்செட் பட்டறை வைத்திருக்கும் ஒருவர். தரையை விட்டு எழும்பிச் சிறிது நேரம்தான் ஆகியிருக்கும். அதுவரை அலறிக்கொண்டிருந்த என்ஜின் சட்டென்று அடங்கியது. அவர் தலையைச் சாய்த்து, பட்டறையில் மோட்டாரைக் கேட்பதுபோல் கேட்டார். "ஏனுங்க அம்மணி, சத்தம் ஏனுங்க கொறஞ்சுது?"

"அதெல்லாம் சாதாரணம்ங்க" என்றேன், பயிற்சியில் சொல்லிக்கொடுத்த சிரிப்போடு. அவர் விடவில்லை. "யாராச்சும் கொறைச்சாங்களா, தானாக் கொறஞ்சுதுங்களா?" மறுபடியும் அதே சிரிப்பைச் சிரித்தேன். அவரே சொன்னார்: "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிப்போடுங்க, அதையாச்சும் நம்பலாமுங்க."

கேப்டனின் பதில்

பம்பாயில் இறங்கியதும் கேப்டனையே பிடித்தேன். டீயை வைத்துவிட்டு, கையை விமானம்போல் சாய்த்துக் காட்டி விளக்கினார். ஓடுபாதை முடிவதற்குள் அத்தனை எடையையும் தூக்கியாக வேண்டும். அதற்குத்தான் அந்த அலறல். அந்த வேகத்தில் என்ஜினைச் சில நிமிஷங்களுக்கு மேல் ஓட்டினால் சூடேறித் தேய்ந்துபோகும். அதனால் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு அடி ஏறியதும் விசையைக் குறைக்கிறார்கள். கூடவே மூக்கையும் கொஞ்சம் தாழ்த்துவதால், விமானம் ஏறிக்கொண்டிருந்தாலும் நமக்கு இறங்குவதுபோல் இருக்கும்.

"அப்ப உங்களுக்குப் பயமே இல்லையா சார்?" என்றேன். "நான் குறைச்சா பயமில்லை. பயணியா பின்னாடி உக்காந்திருக்கும்போது இன்னொருத்தர் குறைச்சா, நானும் கைப்பிடியைத்தான் பிடிப்பேன்."

பொள்ளாச்சி அக்கா

சரஸ்வதியக்கா என் விமானத்தில் மெட்ராஸுக்குப் போனது தம்பிக்குச் சிறுநீரகம் கொடுக்க. முதல் விமானப் பயணம். ஏறும்போதே என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆபரேசனுக்குப் பயமில்லை கண்ணு. அதுக்கு முன்னாடி இது விழுந்துபோட்டா, தம்பிக்கு யாரு குடுப்பாங்க?" கேப்டன் சொன்னதையெல்லாம் அவர் காதருகே குனிந்து சொன்னேன். "சத்தம் குறையும்போது என்னைப் பாருங்கக்கா, தலையாட்டுறேன்."

விமானம் எழும்பியது. சத்தம் அடங்கியது. பக்கத்து இருக்கைக்காரர் முருகா என்று கண்ணை மூடிக்கொண்டார். அக்கா என்னைப் பார்த்தார்; தலையாட்டினேன். பெல்ட்டைப் பிடித்திருந்த கையை மெல்ல எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து அவர் ஊர் திரும்பியபோதும் என் விமானத்தில்தான் வந்தார். மெலிந்திருந்தார். தம்பி எழுந்து நடக்கிறான் என்றார். கிளம்பிச் சத்தம் குறைந்ததும், ஜன்னலோரக் கல்லூரிப் பெண் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாள். அக்கா அவள் கையைத் தட்டிக்கொடுத்தார்: "பயப்படாத கண்ணு, நாந்தான் கொறைக்கச் சொன்னேன்."

காரணம் தெரிந்தபிறகும், சத்தம் குறையும்போதெல்லாம் என் கால்விரல்கள் மடங்கத்தான் செய்தன என்பதால், சீருடையோடு மூடிய ஷூவும் கொடுத்த நிர்வாகத்துக்கு என் நன்றி.