மூன்று முதலாளிகளும் ஓர் ஏணியும்

சிவப்பு விளக்கில் வண்டி நின்றதும் ஒடாலிஸ் பாரேரா பக்கத்து வண்டியின் கதவைத்தான் படிப்பார். கூரை போடுகிறவர்களின் வண்டியாக இருந்து, கதவில் சட்டம் கேட்கும் காண்டிராக்டர் லைசென்ஸ் எண்ணை எழுதியிருக்காவிட்டால் தொலைந்தது. கண்ணாடியை இறக்கி, "ஏம்ப்பா, நம்பர் எங்க? பெயிண்ட் தீந்துபோச்சா?" என்பார். ஹயலியா ஊரில் சில ஓட்டுநர்கள் அவருடைய வெள்ளை வண்டியைக் கண்டாலே அடுத்த தெருவில் திரும்பிவிடுகிறார்கள்.

குட்டைப் பெண்மணி, எட்டு வீட்டுக்குக் கேட்கும் குரல். கூரை காண்டிராக்டர் பரீட்சையில் மூன்றாம் தடவைதான் தேறினார். அதை அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். ஆட்களுக்குச் சர்க்கரை தூக்கலான காபியும் கொய்யா ஜாம் வைத்த பலகாரமும் வாங்கித் தருவதில் கை தாராளம். ஆனால் விபத்து இன்சூரன்ஸுக்காக ஏஜென்டிடம் பேர் பதியாத ஆளை மட்டும் கூரைக்கு அனுப்பவே மாட்டார்.

காரணம் அப்பா எவெலியோ. கூரையிலிருந்து விழுந்து அவர் இடுப்பு உடைந்தபோது, வேலைக்குக் கூட்டிப்போன காண்டிராக்டர் ஆஸ்பத்திரியில் நின்றுகொண்டு, "இந்தாளை நான் பாத்ததே இல்லையே" என்றான். அந்தச் சொல் ஒடாலிஸின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. இன்னும் வெளியே வரவில்லை.

ஒரு புயலுக்குப் பிறகு பாதி ஊர் கூரை பிய்ந்து நீலத் தார்ப்பாய்க்குக் கீழே கிடந்தது. தம்பி ரெய்னியர் வந்தான்.

"அக்கா, உன் லைசென்ஸ்ல கூரை போடறதுக்கு பெர்மிட் மட்டும் எடுத்துக் குடு. மத்ததை நானும் கூட்டாளிங்க ரெண்டு பேரும் பாத்துக்கறோம்."

இது ஊரறிந்த வழக்கம். லைசென்ஸை வாடகைக்கு விட்டே வயிறு வளர்ப்பவர்கள் இங்கே உண்டு.

"இன்சூரன்ஸ்?"

"எங்களுக்கு எதுக்கு? மூணு பேரும் பங்குதாரருங்க. முதலாளிக்குத்தான் விலக்கு உண்டே."

"மூணு பேரும் முதலாளின்னா, கீழ விழறது யாருடா?"

கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனான். அப்பா படுக்கையில் விழுந்த நாளிலிருந்து ஒடாலிஸ் தூக்கி வளர்த்த பிள்ளை அவன். ஆனாலும் அவர் லைசென்ஸைத் தரவில்லை.

அடுத்த வாரம் ஒரு தெருவில் திரும்பியபோது, பெர்மிட் இல்லாத வீட்டின் உச்சியில் அவனையே பார்த்தார். கூட அந்த இரண்டு பங்குதாரர்கள். ஒருவர் இடுப்பிலும் பாதுகாப்புக் கயிறு இல்லை. ஒடாலிஸ் வண்டியை நிறுத்தி இறங்கினார். ஏணியை எடுத்துப் புல்லில் கிடத்தி, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

"அக்கா, ஏணிய வை. ஊரே பாக்குது."

"பாக்கட்டும்."

"கட்டட இன்ஸ்பெக்டரக் கூப்பிடப்போறியா?"

"கூப்பிட்டா உனக்கு அபராதம். விட்டுட்டுப் போனா எனக்குத் தூக்கம் வராது. மூணு பேரும் என்கிட்ட வேலைக்கு வாங்க. பெர்மிட் எடுத்து இந்த வீட்டை நானே முடிச்சுத் தரேன்."

"உன்கிட்ட கூலியாளாவா?"

"ஆமா. மொத வேலை பத்திரமா இறங்கறது. அதுலயும் ஒருத்தன் விழலாம் இல்லையா? இன்சூரன்ஸ்ல பேர் பதிஞ்ச பிறகுதான் ஏணி."

வெயில் ஏறியது. கூரையில் விரித்திருந்த தார்த்தாளின் சூட்டில் முதல் பங்குதாரர் சம்மதித்தார், பிறகு அடுத்தவர். ரெய்னியர் மட்டும் கால் மாற்றி மாற்றி நின்றான்.

"சரி. என் பேரையும் சொல்லித் தொலை."

ஒடாலிஸ் ஏஜென்டை அழைத்தார். இரண்டு பேரைச் சரளமாகச் சொன்னார். மூன்றாவது பேரை எழுத்தெழுத்தாக இரண்டு முறை சொன்னார். பதிந்தாயிற்று என்று காதில் கேட்கும்வரை எழுந்திருக்கவில்லை.

பிறகு ஏணியை நிமிர்த்திச் சாத்தினார். அடிப்படியில் ஒரு காலை ஊன்றி, இரண்டு கைகளாலும் இறுகப் பற்றிக்கொண்டு, மேலேயிருந்து இறங்கி வரும் தம்பியின் காலடியையே பார்த்தபடி நின்றார்.