பெரிய வெள்ளியில் ஒரு படகு

யாழ்ப்பாணத்துக் குருநகரில் முப்பது வருடம் வலை இழுத்த நீக்கிலாப்பிள்ளைக்கு இடுப்பு ஏலாமல் போனபின், கடற்கரை ஹோட்டல் ஒன்று வேலை கொடுத்தது. விருந்தாளிகளைப் படகில் ஏற்றித் தீவுகளைச் சுற்றிக் காட்ட வேண்டும்.

பெரிய வெள்ளி காலை, மனைவி அற்புதராணி வாசலை மறித்தாள். "யேசு மரிச்ச நாள், இண்டைக்கு ஒருத்தரும் கடலுக்குப் போறேல்லை. உங்களுக்குத் தெரியாததே?"

"நான் மீன் பிடிக்கவே போறன்? ஊர் காட்டத்தானே," என்று எரிந்து விழுந்துவிட்டுப் போனார்.

கரை மறைந்தது. ஐரோப்பாவில் ஏட்ரியாட்டிக் கடல் பக்கமிருந்து வந்திருந்த விருந்தாளிகள், ஒரு கணவனும் மனைவியும், படகில் காலை நீட்டிச் சாய்ந்தார்கள். தங்கள் ஊரில் விடுமுறை என்றால் கடல் முழுக்கப் படகுதான், இங்கே கண்ணுக்கெட்டிய தூரம் ஒன்றுகூட இல்லை, என்ன நிம்மதி என்றாள் அவள்.

அப்போதுதான் நீக்கிலாப்பிள்ளையும் சுற்றிப் பார்த்தார்.

சற்று நேரத்தில் எஞ்சின் இரண்டு தரம் செருமிவிட்டு நின்றது. போனில் சிக்னல் இல்லை. நீரோட்டம் படகை மெல்ல வெளிக்கடல் பக்கம் திருப்பியது.

எஞ்சின் நின்றால் சட்டையைக் கழற்றி வீசுவது குருநகர் வழக்கம். காண்கிற படகு ஓடிவந்து கட்டி இழுக்கும். நீக்கிலாப்பிள்ளை எழுந்து நின்று, ஹோட்டல் கொடுத்த வெள்ளைச் சட்டையைக் கழற்றித் தலைக்கு மேலே வீசினார்.

அந்தப் பெண்ணும் சிரித்துக்கொண்டே எழுந்து, தன் தொப்பியை அவரைப் போலவே வீசத் தொடங்கினாள்.