இருந்துகொண்டே இல்லாத கோப்பு

தேயிலை எஸ்டேட் ஆபீஸில் சேர்ந்த முதல் நாளே எனக்குச் சொல்லிக்கொடுத்த வேலை, "துரை இல்லை" என்று முகம் மாறாமல் சொல்வது. துரை என்றால் எஸ்டேட் மேனேஜர். அவர் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வெளியே அவருடைய ஜீப் சேறும் சகதியுமாக நிற்கும். வந்தவர் ஜீப்பைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். ஆபீஸ் சொல்லும் "இல்லை"யை நம்பி வீட்டுக்குத் திரும்பியவர் யாரையும் எங்கள் எஸ்டேட்டில் நான் பார்த்ததில்லை. அதற்காக யாரும் கோபித்துக்கொண்டதும் இல்லை.

இது என் வேலையில் பாதி. மறுபாதி கம்ப்யூட்டர், அதுதான் எனக்கு உயிர். அதற்கு முன்னால் ஃபேக்டரி வாசலில் சுற்றுலாக்காரர்களுக்கு டீயும் ஸ்கோன் ரொட்டியும் விற்கும் கவுண்டரில் இருந்தேன். ஸ்ட்ராபெரி ஜாம் தடவியே என் ஆயுள் முடிந்துவிடும் என்று பயந்து, துரையிடம் கெஞ்சிக் கூத்தாடித்தான் ஆபீசுக்கு வந்தேன்.

அந்த வாரம் ஃபேக்டரி கம்ப்யூட்டர் செத்துப்போனது. கொழுந்து வாட்டும் தொட்டிகளில் சூடு எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்று திரையில் காட்டிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர். இந்த மலைப் பனியில் செருப்பே பூசணம் பூக்கிறது, அது மட்டும் என்ன செய்யும். புதிதாக ஒன்று வாங்கித் தராமல், கோலாலம்பூர் தலைமை ஆபீஸ் ஒரு விர்ச்சுவல் கம்ப்யூட்டர் கொடுத்தது. அதற்கு உடம்பு கிடையாது. அங்கே ஓடும் ஒரு பெரிய இயந்திரத்துக்குள் குடியிருக்கும், நாம் இங்கிருந்து இன்டர்நெட் வழியாகப் பேச வேண்டும். துரை பிரிஞ்சாங் டவுனிலிருந்து ஆளைக் கூப்பிடத்தான் இருந்தார். நானே செய்கிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவள் நான். சாயங்காலக் கொழுந்து வருவதற்குள் அது ஓடவில்லையென்றால், எனக்கு மறுபடி ஸ்கோன் கவுண்டர். அதை அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அவர் சிரித்துக்கொண்டு சொன்ன எதுவும் இதுவரை நடக்காமல் போனதில்லை.

காலையில் புரோகிராமை ஏற்றி ஓடச் சொன்னேன். ஒரே வரியில் பதில் வந்தது. இன்ன லைப்ரரியைத் திறக்க முடியவில்லை, அப்படியொரு கோப்பு இல்லை.

லைப்ரரி என்றால் இங்கே புத்தகம் படிக்கிற இடம் அல்ல. கோயிலில் அண்டா, குண்டான், கரண்டியெல்லாம் பொதுவில் வைத்திருப்பார்கள், கல்யாண வீட்டுக்காரர்கள் தேவைக்கு எடுத்துக்கொள்வார்கள். அது மாதிரி பல புரோகிராம்களுக்குப் பொதுவான சாமான். புரோகிராம் கிளம்பும்போது லோடர் என்று ஒருவன் ஓடிப்போய் அதை எடுத்துவர வேண்டும். அவன்தான் கையை விரித்தான்.

சரி, இல்லை போலிருக்கிறது என்று லைப்ரரியை ஏற்றப் போனேன். ஏற்கெனவே இருக்கிறது என்றது. அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன். ஓடச் சொன்னால் இல்லை. போய்ப் பார்த்தால் கோப்பு அதன் இடத்தில் கொழுகொழுவென்று உட்கார்ந்திருக்கிறது. லோடர் வைத்திருக்கும் பட்டியலைப் புதுப்பித்தேன். கையைப் பிடித்து வழி காட்டினேன். ஒரு நகல் எடுத்து அவன் மூக்குக்கு நேராகவே வைத்தேன். இல்லை, இல்லை, இல்லை. எனக்கு அழுகை வந்தது. அழுகையைவிட ஆத்திரம் அதிகமாக வந்தது. அதற்குள் மத்தியானக் கொழுந்து லோரியும் வந்து இறக்கிவிட்டுப் போய்விட்டது.

அப்போதுதான் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் உள்ளே வந்தார். எங்கள் லைன் வீட்டு வரிசையில் மூன்றாவது வீடு. அடுப்படிக் கூரைத் தகரம் ஒழுகுவதைத் துரையிடம் நேரில் சொல்ல வேண்டுமாம். நான் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "தொர இல்லக்கா" என்றேன்.

"இல்லாட்டி பரவால்லலா. நான் ஒக்காந்திருக்கேன்" என்று பெஞ்சில் சாய்ந்துகொண்டார்.

எனக்குச் சுருக்கென்றது. என் "இல்லை"யை அக்கா ஒரு பேச்சுக்குக்கூட நம்பவில்லை. நானோ, எவனோ ஒரு லோடர் சொன்ன "இல்லை"யைக் காலையிலிருந்து வேதவாக்காக எடுத்துக்கொண்டு மாரடிக்கிறேன். எஸ்டேட்டில் பிறந்து, இதே லைனில் வளர்ந்து, அந்தப் பொய்யைச் சொல்வதையே பாதிப் பிழைப்பாகவும் வைத்திருக்கிற நான். வெட்கமாக இருந்தது.

கோப்பு எங்கே என்று தேடுவதை விட்டேன். ஏன் வரமாட்டேன் என்கிறது என்று பார்த்தேன். ஒரு கோப்பு தன்னைப் பற்றித் தானே என்ன எழுதி வைத்திருக்கிறது என்று காட்டும் கட்டளை ஒன்று உண்டு. அதைப் போட்டதும் குட்டு உடைந்தது. இன்ன எண்ணுக்குக் கீழே உள்ள கெர்னலில் நான் வேலைக்கு வரமாட்டேன் என்று ஒரு குறிப்பு. கெர்னல் என்பது அடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கட்டி மேய்க்கிற பகுதி. உடம்பில்லாத எங்கள் கம்ப்யூட்டருக்குச் சொந்தக் கெர்னல் இல்லை. அந்தப் பெரிய இயந்திரத்தின் கெர்னல்தான் இதற்கும் வேஷம் கட்டிக்கொண்டு நின்றது. அதன் எண்ணைக் கேட்டேன். பழசு. ஆக, லைப்ரரி மாப்பிள்ளை முறுக்கோடு உள்ளேயேதான் இருந்திருக்கிறது. அதற்கு இந்த இடம் பிடிக்கவில்லை என்று சொல்ல லோடருக்குத் தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் "இல்லை". என்னை மாதிரியே ஒரு ஜென்மம்.

மூலக் கோப்பைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, அந்தக் குறிப்பை மட்டும் நீக்கினேன். எங்கள் புரோகிராம் கேட்பது சாதாரண வேலை, பழைய கெர்னலே தாங்கும் என்று ஒரு நம்பிக்கைதான். ஓடச் சொன்னேன். திரை கொஞ்ச நேரம் கறுப்பாக நின்றது. பிறகு தொட்டிகள் ஒவ்வொன்றாகப் பச்சையில் வந்தன.

நான் கத்திவிட்டேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. சத்தம் கேட்டு உள்ளறைக் கதவு திறந்தது. கையில் பாதி கடித்த, கிழங்கு மசாலா பிதுங்கும் கறிபாப்போடு துரை வந்து நின்றார். அக்கா மரியாதையாக எழுந்தார்.

"வாங்க தொர. எப்ப வந்தீங்க?"

துரை என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். இப்போதுதான் என்று முனகினார். அதற்குப் பிறகு அவருக்கு உள்ளே திரும்ப வழியில்லை. கூரை எந்தெந்த இடத்தில் ஒழுகுகிறது, எங்கெங்கே வாளி வைத்திருக்கிறது என்று முழுக்கதையும் நின்றபடியே கேட்டார். நாளைக்கே தகரம் மாற்ற ஆள் அனுப்புவதாக ஒப்புக்கொண்ட பிறகுதான் அக்கா கிளம்பினார்.

துரை என் மேசைக்கு வந்து குனிந்து பார்த்தார். ஓடுதா என்று கேட்டார். ஓடுது சார் என்றேன். மிச்சக் கறிபாப்பை நிதானமாகத் தின்று முடித்தார். எனக்கு ஜாம் வாசனையே அடிக்க ஆரம்பித்துவிட்டது.

"நாளையிலேருந்து நீ கம்ப்யூட்டர மட்டும் பாரு" என்றார். "வாசலுக்கு வேற ஆளப் போட்டுக்கிறேன். ஒனக்கு அந்த வேல சரிப்பட்டு வராது."