கைடு வீட்டு மடவை

அந்தோணியார் மேல் சத்தியம், இதில் ஒரு சொல்கூடப் புளுகு இல்லை. பிஎச்.டி. என்பது கைடு வீட்டு வேலை. மிச்ச நேரத்தில் ஆராய்ச்சியும் செய்யலாம். கைடிடம் மாட்டிய சகோதரர்களே, நீங்கள் கரன்ட் பில் கட்டியிருப்பீர்கள், இஸ்திரித் துணி சுமந்திருப்பீர்கள். எனக்கு மீன்.

நேர்முகம்

துறைமுக வேலையில் ஓய்வு பெற்ற கையோடு, திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆய்வு மாணவனாகச் சேர்ந்தேன். கைடுக்கு என் மகன் வயது. நான் ராயபுரம் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. ஆய்வுத் தலைப்பைக் கேட்கப்போகிறார் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். "காசிமேடு மீன் மார்க்கெட் உங்களுக்குப் பக்கம்தானே பெரியவரே? எனக்கு மடவை மீன்னா உயிர்" என்றார்.

ஐஸ் பெட்டி மறைவில்

வெள்ளிக்கிழமைதோறும் மடவை வாங்கி லேப் ஃபிரிட்ஜில் வைப்பேன்; மாலையில் அவர் எடுத்துப்போவார். நான் பழைய யூனியன்காரன். ஒருதடவை நான் போட்ட கோஷத்தில், உள்ளே வந்த கப்பலே திரும்பிப் போயிருக்கிறது. அந்த நான், மீன் விற்கும் பழைய தோஸ்து கண்ணில் படக்கூடாதென்று ஐஸ் பெட்டிக்குப் பின்னால் குனிந்து நின்றேன். எட்டிப் பார்த்துவிட்டான். "இன்னா மாமு, படிக்கப் போறன்னியே, சமையலுக்கா சேந்துகீற?"

டிபன் டப்பா

ஸ்டெல்லா எண்ணூர் குப்பத்துப் பெண். என் சக மாணவி. முகத்துவாரத்து மீனில் எவ்வளவு ஈயம் ஏறியிருக்கிறது என்பது அவள் ஆய்வு. பட்டம் வந்தால் ஒரு கல்லூரியில் வேலை காத்திருந்தது. கைடு கடைசி அத்தியாயத்தைப் படித்துக் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. ஒரு வருஷமாக அது அவர் மேஜையில், டிபன் டப்பாவுக்கு அடியில் கிடந்தது. கப்பலைத் திருப்பிய நானோ, மீன் பையோடு அவளைத் தாண்டிப் போனேன். "எங்கம்மா தெனம் கேக்குது, எப்பதான்டி முடிப்பன்னு. இன்னான்னு சொல்றது நைனா?" என்றாள்.

ஒரே ஃபிரிட்ஜ்

ஒரு வெள்ளிக்கிழமை ஸ்டெல்லாவும் ஆய்வுக்காக முகத்துவாரத்து மடவை கொண்டுவந்து வைத்தாள். என்னுடையதும் கறுப்பு கவர், அவளுடையதும் கறுப்பு கவர். திங்கட்கிழமை அவள் திறந்து பார்த்தால், இருந்தது காசிமேட்டு மீன்.

கைடிடம் போய், கவர் மாறிப்போனதைச் சொன்னோம். வறுத்துத் தின்றாயிற்றாம், வயதான தாயாருக்கு நடுத்துண்டாம். டிபன் டப்பாவை நகர்த்தினார். நாங்கள் நிற்க நிற்க, அத்தியாயத்தை விரல் வைத்து வரிவரியாகப் படித்தார். தலை நிமிராமலே கையெழுத்தைப் போட்டுவிட்டு, அம்மாவுக்கு ஏதும் ஆகிவிடுமா என்று மெல்லக் கேட்டார். எனக்கு அவரைப் பார்க்கவும் கூசியது, அவளைப் பார்க்கவும் கூசியது.

ஸ்டெல்லா சொன்னாள்: "ஒரு வேளை துன்னா ஒண்ணும் ஆவாது சார். தெனம் துன்ற எங்க ஜனத்துக்குத்தான். அது அடுத்த பக்கத்துல கீது."

ஆக, ஓர் ஆய்வு கைடின் கண்ணுக்கு எட்ட அவர் வயிற்றைச் சுற்றித்தான் போகவேண்டியிருக்கிறது. சொன்னது யாரென்று மட்டும் மூச்சு விடாதீர்கள், டப்பாவுக்கு அடியில் இப்போது இருப்பது என் அத்தியாயம்.